எங்கே நின்று கேட்டோம்?

கருத்தரங்குகளைப் பற்றி அறிக்கை எழுதுகிற நாம், கருத்தரங்கு முடிந்த இரவுகளைப் பற்றி எழுதுவதில்லை. பகலில் வெகுசனப் பண்பாட்டைக் கட்டுடைத்தவர்களே இரவு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பழைய பாட்டை எடுத்து விடுகிறார்கள். ஒருவர் 'பாசமலர்' (1961) என்கிறார். இன்னொருவர் பட்டுக்கோட்டையைத் தொடங்குகிறார். வரி மறந்தால் மூன்றாமவர் எடுத்துக் கொடுக்கிறார். முன்பு ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்துக் கேசட்டில் பதிந்து வாங்கியவர்கள், இப்போது செல்போனைச் சொம்புக்குள் போட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். "அதெல்லாம் பாட்டுய்யா!" என்று யாராவது பெருமூச்சு விடாமல் அந்த இரவு முடிவதில்லை.

இந்தப் பெருமூச்சையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதைத் தப்பித்தல், வெறும் கடந்தகால ஏக்கம் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் இப்படி முதலில் ஒதுக்கியவர்கள் யார் என்றும் பார்க்கணும். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் இடத்தைச் சுருக்கி, சாஸ்திரிய சங்கீதத்தைக் கொண்டு சனங்களின் காதைத் திருத்தக் கிளம்பினார். சனங்கள் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று. ஆக, இன்று நாம் ஏக்கத்தோடு பகிர்ந்துகொள்ளும் பாட்டுகள் மேட்டுக்குடி ரசனையின் ஆணையை மீறிக் கேட்கப்பட்டவை. சினிமாப் பாட்டு என்றாலே நச்சு என்கிற முற்போக்காளரின் குரலில் கேஸ்கரின் குரலும் கலந்திருக்கிறது என்பதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மீறல் என்று கொண்டாடி முடித்துவிடவும் முடியாது. தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகைக் களம் சினிமாக் கொட்டகையே என்று கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதிப் படிநிலை அல்ல, கையிலிருந்த காசு என்பது அவர் வாதம். முக்கியமான அவதானிப்பு. கேள்வி இதுதான்: கொட்டகையை விட்டு வெளியே வந்த பாட்டு, கூரை இல்லாத இடங்களில் யார் யாருக்கு எப்படிக் கேட்டது?

சென்ற ஆண்டு இப்படியொரு இரவில், அறுபதைத் தாண்டிய தலித் தோழர் ஒருவர் பாடாமலே உட்கார்ந்திருந்தார். "நீங்களும் ஒண்ணு எடுத்து விடுங்க தோழர்" என்று வற்புறுத்தினோம். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"நீங்க பாடினதெல்லாம் எனக்கும் மனப்பாடம்தான். எல்லாம் டீக்கடை ரேடியோவுல கேட்டது. உள்ள பெஞ்சு, கண்ணாடி கிளாஸ். வெளிய நாங்க, கொட்டாங்குச்சி. இப்ப அந்தப் பாட்டு வந்தா முதல்ல ஞாபகம் வர்றது பாட்டு இல்ல, கால் கடுக்க நின்னதுதான். ஆனா ஒண்ணு, டீயைக் குடிச்சு முடிச்சாலும் பாட்டு முடியிற வரைக்கும் நகர மாட்டோம்."

மாடி அமைதியாகிவிட்டது. யாரோ அவசரமாக அடுத்த பாட்டைத் தொடங்கிச் சமாளித்தார்கள். அந்தச் சமாளிப்பில் நானும் சேர்ந்து பாடினேன்.

அவர் சொன்னதில் இரண்டு இருக்கின்றன. அந்தப் பாட்டு அவமானத்தின் சாட்சி. அதே சமயம், அவமானத்தால் அந்தப் பாட்டை அவரிடமிருந்து பறிக்கவும் முடியவில்லை. தேநீருக்கு இரட்டைக் குவளை வைத்த ஊரால் காற்றில் வந்த ஒலிக்கு அப்படி வைக்க முடியவில்லை. 'பொற்காலம்' என்ற சொல்லாடல் இந்த இரண்டையும் ஒருசேர அழித்துவிடுகிறது. அது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவரின் காலத்தை எல்லாருடைய காலமாகவும் ஆக்குகிறது. அந்தப் பொற்காலத்தின் எல்லையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அப்பாவுக்கு அது 1976இல் 'அன்னக்கிளி'யோடு முடிகிறது, மகனுக்கு அங்கேதான் தொடங்குகிறது. நகராமல் இருப்பது பெஞ்சு மட்டும்தான்.

பெண்களின் கதை வேறு. இந்த மாடிகளில் அவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? என் அம்மாவுக்கு நூற்றுக்கணக்கில் பாட்டு தெரியும், என்ன படம் என்று தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோ சுவர் தாண்டி அடுப்படிக்கு வந்ததைக் கேட்டவர். பல்லவி சரியாகப் பாடுவார், இரண்டாவது சரணம் வராது. அதற்குள் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். ரசிகர்களின் பட்டியலில் படம், ஆண்டு, இசையமைப்பாளர் எல்லாம் பிசகாமல் இருக்கும். பாதியில் நின்ற இந்தக் கேட்டலுக்கு அதில் இடம் கிடையாது.

பாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த இரவுகள் வேண்டும். 'எந்தப் பாட்டு பிடிக்கும்' என்பதோடு 'எங்கே நின்று கேட்டீர்கள்' என்றும் கேட்டுப் பழகலாம். வாசற்படி, வரப்பு, அடுப்படி, டீக்கடைக்கு வெளியே என்று வரும் பதில்கள்தான் நம் இசை வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பகுதி. அதை எழுதப் பெரிய ஆய்வுத் திட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை அந்தத் தோழர் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் அடுத்த பாட்டைத் தொடங்காமல் இருந்தாலே போதும்.