கோட்பட் நெசவும் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லும்

ஆடையைக் குறிக்கும் ‘கலிங்கம்’ என்னும் சொல் சங்க நூல்களிற் பயில்வது. கலிங்க நாட்டினின்று வந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர் அறிஞர் பலர். இடவாகுபெயர் என்று அமைதி கூறி மேற்செல்வதே நம் வழக்கம்; அங்கு நெய்தவர் யாவர், உடுத்தவர் யாவர் என வினவுவார் அரியர். ஒடிசாவின் தென்மேற்கே, கோராபுட் மாவட்டத்துக் கோட்பட் என்னும் ஊரில் இன்றும் நிகழும் நெசவு இவ்வினாவிற்கு இடந்தருகின்றது. இது பண்டைக் கலிங்கத்தின் வழித்தோன்றல் என யான் கூறவில்லை. அதற்குச் சான்று இல்லை.

இதனைப் ‘பழங்குடி நெசவு’ என்பது வழக்கு. அவ்வழக்கு முழுதும் பொருந்துவதன்று. நெய்வோர் மிர்கான் எனப்படும் நெசவுக் குடியினர். பழங்குடி மக்கள் வழிவழியாக அதனை வாங்கி உடுத்தோரே ஆவர். முழங்காலளவு நிற்கும் 8 முழச் சேலையும் கணுக்கால் வரை தாழும் 16 முழச் சேலையும் என நீளம் வகுத்தது உடுப்போர் வாழ்வே. நண்டும் மீனும் சங்கும் கோடரியும் ஊடைநூலில் உருப்பெறுகின்றன.

சாயத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அங்கு ‘ஆல்’ என வழங்கும் மரம் நம் ஆலமரம் அன்று, நுணா இனத்தது. சங்க நூல்கள் ‘நுணவம்’ என்பதும் இவ்வினமே. சோழமண்டலக் கரையிற் புகழ்பெற்ற சாயவேரோ இதனின் வேறாய சிறு செடி. நூலை ஆமணக்கெண்ணெய், சாம்பல் நீர், சாணம் ஆகியவற்றிற் பன்முறை தோய்த்து உலர்த்திய பின்னரே வேர்ப்பட்டைச் சாயத்தில் இடுவர். வாரக்கணக்கில் நடைபெறும் வேலை இது. அன்னபேதி சேர்ப்பின் செம்மை கருமையாகும். சாயமேறாத நூலின் நிறம் மூன்றாவது. வண்ணம் இம்மூன்றே. 1868-இல் செருமானிய வேதியலார் அலிசரினைச் செயற்கையாக ஆக்கிய பின்னர், இந்திய நாட்டின் வேர்ச்சாயத் தொழில் பெரிதும் வீழ்ந்தது. கோட்பட் எஞ்சியவற்றுள் ஒன்று.

2005-இல் இத்துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2018-இல் இவ்வூர் நெசவாளர் கோவர்தன் பானிகா பத்மஸ்ரீ விருது பெற்றார். இவற்றைப் ‘பாதுகாப்பு’ என்றல் தகுமோ? குறியீடு காப்பது பெயரை, மரத்தை அன்று. வேரை அகழ்ந்தால் மரம் நலிவுறும். இளமரத்தின் வேரோ போதிய நிறம் தாராது. ஆலைத்துணி மலிந்தபின் பழங்குடிப் பெண்டிரும் அதனையே நாடினர். கோட்பட் துணி இன்று நகர மகளிரின் தோளில் மேலாடையாகின்றது. நெய்வோர்க்கு அதனால் உணவு கிடைக்கின்றது. அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அளவு மாறி, உடுப்போர் மாறி, கோலம் மட்டும் நிற்பதனை ‘மாற்றம்’ என்க. ‘பாதுகாப்பு’ என்பது பொருந்தாது.

ஈண்டு மற்றொன்று. சாயமிடுவோர் பெரும்பாலும் பெண்டிர். எத்தனை முறை தோய்த்தால் எந்நிறம், வேர் எத்துணை முதிர்ந்தது என்பன அவர்தம் கைக்கும் கண்ணுக்குமே தெரிந்தவை. நுணாவின் பெயர்களைத் தொகுக்கும் நம் ஆய்வு மாணவர், அம்மகளிர் ஒவ்வொரு படிநிலைக்கும் வழங்கும் சொற்களையும் நேரிற் சென்று குறித்துக் கொள்வாராயின், சொல்லாய்வுக்கு அது முதற்சான்றாகும்.