பாண் இல்லாத ஊரும் பெரிய மேடையும்

குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாத நாளில் நெடுந்தீவுக் கடைவாசலில் என்ன பேச்சு நடக்கும் என்று தீவுப்பகுதி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 'தி பேக்கர்ஸ் வைஃப்' இசைநாடகம் முழுக்க அந்தப் பேச்சுத்தான். தென்பிரான்சில் ஒரு சிற்றூர். புதிதாக வந்த பேக்கரிக்காரரின் இளம் மனைவி வேறொருவனோடு போய்விடுகிறாள். மனுசன் போறணை மூட்டுவதை விட்டுவிடுகிறார். ஆளுக்கொரு சண்டையோடு கிடந்த ஊர், பாணுக்காக ஒன்றுகூடி அவளைத் தேடிப் போகிறது.

மார்செல் பஞோல் 1938இல் எடுத்த படத்தின் கதை இது. மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்: எழுத்து, 'ஃபிட்லர் ஒன் த ரூஃப்' புகழ் ஜோசப் ஸ்டைன், இசை, ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். இருந்தும் 1976இல் அமெரிக்க நகரங்களில் ஆறு மாதம் அலைந்து, நியூயோர்க்கை எட்டாமலே நின்றுபோனது. நாயகன் டோபோலை இடைவழியில் மாற்றினார்கள். 'மெடோலார்க்' பாட்டு நீளம் என்று தயாரிப்பாளர் டேவிட் மெரிக் வாத்தியக்காரரின் இசைத்தாளையே தூக்கிவிட்டார் என்பார்கள். நாடகத்தைக் கண்ணால் காணாதவர்களும் இன்று பாடுவது அந்தப் பாட்டைத்தான். 1989இல் லண்டனில் ட்ரெவர் நன் எடுத்துப் பார்த்தார். 56 காட்சியோடு சரி.

2024இல் லண்டனின் 'மெனியர் சொக்லேட் ஃபக்டரி' என்ற சின்ன அரங்கில் கோர்டன் கிரீன்பேர்க் அரங்கையே ஊர்ச்சதுக்கம் ஆக்கினார். பார்க்க வந்தவர்களில் சிலர் கஃபே மேசைகளில். நாடகம் தொடங்குமுன்பே நடிகர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாடகம் பிழைத்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. கடைசிக் காட்சியைப் பாருங்கள்: மனைவி திரும்பி வந்து நிற்கிறாள். பேக்கரிக்காரர் அவளை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஊர்சுற்றிவிட்டு வந்த பூனையைப் பிடித்து ஏசுகிறார். ஆயிரக்கணக்கில் கதிரை போட்ட மண்டபத்தின் பின்வரிசைக்கு இது போய்ச் சேருமா? அவள் ஏன் திரும்புகிறாள் என்பதற்கு நாடகத்தில் பலமான காரணம் இல்லை என்பது வேறு விடயம். அந்த ஓட்டையை எந்த அரங்கும் அடைக்காது.

நம் பக்கத்தில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அந்தக் காலத்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அதன்பிறகு எதையெடுத்தாலும் மண்டபம், ஒலிவாங்கி, திரை என்று ஆகிவிட்டது.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவைக் களமாகக் கொண்ட நாவல். வாடைக்காலத்தில் அங்கே வந்து வாடி போடும் மீனவர்களின் கதை. 1978இல் படமாகவும் வந்தது. பாட்டோடு மேடையேற்ற இதைவிட வேறென்ன வேண்டும்? எடுப்பவர்கள் வீரசிங்கம் மண்டபத்துக்குத் திகதி கேட்டு ஓடவேண்டாம். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஒரு கோயில் வளவைக் கேளுங்கள். சனத்தை மூன்று பக்கமும் இருத்துங்கள். ஒலிவாங்கி இல்லாமல் பாடக்கூடிய நாலு குரல் கிடைக்குமா என்பதுதான் என் பயம்.