கசிவுக்கு எத்தனை மதிப்பெண்?

சர்க்கரைக்கு இரத்தச் சோதனை உண்டு. இரத்தக் கொதிப்புக்குக் கருவி உண்டு. இருமும்போதும் குடம் தூக்கும்போதும் சிறுநீர் கசிகிற பெண்ணுக்கு அவர் வாய்ச்சொல்லே முதல் சான்று. கசிவைக் கண்ணால் காட்டினால்தான் ஏற்போம் என்றிருந்த பழைய வரையறையைப் சிறுநீர் அடக்கம் குறித்த பன்னாட்டுச் சங்கம் 2002-ல் மாற்றியது. தன்னை மீறிக் கசிகிறது என்று பெண் முறையிட்டாலே போதும் என்றது. அந்த முறையீட்டை எண்ணாக்கும் படிவங்களில் உலகெங்கும் பரவலாகப் புழங்குகிற ஒன்று, 2004-ல் வெளிவந்த ஐ.சி.ஐ.கியூ குறும்படிவம்.

கடந்த நான்கு வாரங்களைப் பற்றி அதில் நான்கே கேள்விகள். எத்தனை முறை கசிகிறது என்பதற்கு 0 முதல் 5 வரை. எவ்வளவு கசிகிறது என்பதற்கு 0, 2, 4, 6. அன்றாட வாழ்வை எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு 0 முதல் 10 வரை. மொத்தம் 21. எப்போது கசிகிறது என்ற நான்காவது கேள்விக்கு மதிப்பெண் இல்லை.

இதன் பலம் பெரிது. செலவில்லை, சில நிமிடங்களில் முடிகிறது. வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர் கட்டத்தில் குறி இட்டுவிடலாம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டால் பலன் தெரிந்துவிடும்.

குறை, கூட்டுத்தொகையில் இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை (3), சிறிதளவே (2) கசிந்தும் மனம் நொந்து 7 தருகிற பெண்ணுக்கு 12. நாளுக்குப் பலமுறை (4), நடுத்தர அளவில் (4) கசிந்தும் ‘பிள்ளை பெத்தா இப்படித்தான்’ என்று பழகி 4 மட்டும் தருகிற பெண்ணுக்கும் 12. இருமினால் கசிவதற்கும், அவசரம் வந்து அடக்க முடியாமல் கசிவதற்கும் மருத்துவம் வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லும் கேள்விக்கோ மதிப்பெண்ணே கிடையாது. ஆகவே எண்ணை மட்டும் பார்க்கிற மருத்துவர் முக்கியமானதைத் தவறவிடுவார்.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியை வைத்துப் பார்த்தால் இன்னொரு குறையும் புலப்படும். நகரியத்தின் குடியிருப்பில் கழிப்பறை சில அடி தூரம். சுற்றுக் கிராமத்திலிருந்து முந்திரித் தோப்புக்கு வேலைக்குப் போகிறவரோ மறைவிடம் தேடவேண்டும். வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்ணுக்குக் கசிவு குறையும், மதிப்பெண்ணும் குறையும். நோய் குறைந்ததாகப் படிவம் காட்டும்; அவரோ கடலூர் வெயிலில் நாவறண்டு நிற்பார். எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று குறும்படிவம் கேட்பதில்லை. கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்க, ஒருவர் வாசித்துக் கேட்டால் உள்ளதும் வெளிவராது.

மாற்று முறைகளும் முழுமையானவை அல்ல. அரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, நடக்கவும் இருமவும் சொல்லி, ஒரு மணி நேரம் அணிந்த நாப்கினை எடை போடுவது ஒரு முறை. எடை ஒரு கிராமுக்கு மேல் கூடினால் கசிவு உண்டு என்பார்கள். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வியர்வையும் எடையில் சேரும். மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடுதான், குடித்த நீரையும் எழுதச் சொல்வதால், மறைந்த கட்டுப்பாட்டை வெளிக்காட்டுகிறது. அதற்கு அளவுக் குவளையும் பொறுமையும் வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் படக்குறிகள் வேண்டும்.

இதே வரிசையின் விரிவான படிவம் ஒன்றை இலங்கையில் தமிழ் பேசும் பெண்களிடம் சரிபார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். கடலூர் மாவட்டப் பேச்சுக்கும் வாழ்வுக்கும் பொருந்துகிறதா என்று இங்குள்ள பெண்களிடமும் சோதித்துப் பார்ப்பதே முறை.

என் முடிவு இது: குறும்படிவம் நல்ல வாசல், அதையே தீர்ப்பாக்கக் கூடாது. தனியறையில், பெண் ஊழியர் ஒருவர் கேட்கட்டும். கூட்டுத்தொகையோடு நான்காவது விடையையும் எழுதட்டும். ‘இதற்காகத் தண்ணீரையோ பயணத்தையோ வேலையையோ குறைத்தீர்களா?’ என்றும் கேட்கட்டும். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் உண்டா என்று சோதிக்கட்டும். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறார்கள். இயன்முறை மருத்துவமும் அதில் உண்டு. இருமினால் கசிகிற பெண்ணுக்கு முதல் மருந்து, இடுப்படித் தசைகளுக்கு மூன்று மாதமாவது முறையாகக் கற்றுச் செய்யும் பயிற்சிதான். அந்த வீட்டு வருகையில் இந்தக் கேள்விகளையும் சேர்க்க வேண்டும். கேட்டபின் சிகிச்சை தராவிட்டால், அளந்ததில் பயனில்லை.