துஆவில் சொல்லடக்கம்

இறைவனிடம் கேட்கும்போது குரலைத் தாழ்த்துவதும் சொல்லைக் குறைப்பதும் துஆ என்னும் வேண்டுதலின் அதபு (ஒழுக்கம்) என்று தமிழ் முஸ்லிம்களிடையே போற்றப்படுகின்றன. பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், 1801இல் காதர் முகைதீன் தலைமையில் உருவான பள்ளிவாசல், தமிழகக் கரையிலிருந்து குடியேறிய வணிகர்களோடும் துறைமுகத் தொழிலாளர்களோடும் இந்த மரபும் கடல் கடந்ததற்குச் சான்று. தொழுகை முடிந்ததும் கைகள் நெஞ்சளவு உயர்கின்றன. இறைபுகழும் நபி மீது சலவாத்து என்னும் வாழ்த்தும் முந்துகின்றன. வேண்டுதல் அவற்றின் பின்னால்தான். இமாம் வேண்ட வேண்ட, தொழ வந்த ஜமாஅத் ஆமீன் சொல்கிறது. கடைசியில் உள்ளங்கைகள் முகத்தைத் தடவி இறங்குகின்றன.

பணிவோடும் மறைவாகவும் இறைவனை அழைக்கச் சொல்கிறது குர்ஆனின் ஏழாம் அத்தியாயம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி துஆவுக்குப் பத்து ஒழுக்கங்களைத் தொகுத்தார். எதுகை தேடி வலிந்து சொல் அடுக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மரபின் பெரிய பலம் இதுதான். சொல்லலங்காரத்துக்கு மதிப்பில்லாத இடத்தில் மூட்டை சுமப்பவரின் திக்கலும் மார்க்க அறிஞரான ஆலிமின் நாவன்மையும் ஒரே தட்டில் நிற்கின்றன.

நடைமுறை வேறு. தமிழகத்திலும் மலேசியாவிலும் பல பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கி வழியே நீண்ட அரபு துஆ ஓடுகிறது. எதற்கு ஆமீன் சொல்கிறோம் என்று தெரியாதவர் பலர். மலேசியாவில் மேலோங்கிய ஷாஃபி சட்டவழியின் நிறுவனரே, பிறர் கற்றுக்கொள்ளும் வரை இமாம் உரக்கச் சொல்லலாம், பிறகு மெல்ல ஓதட்டும் என்றார். கற்பித்தலுக்குத் தந்த சலுகை நிரந்தர வழக்கமாகிவிட்டது.

இன்னொரு குறை நுட்பமானது: அடக்கம் தயக்கமாக மாறுவது. ‘நீ நாடினால் மன்னித்துவிடு’ என்ற பாணியில் கேட்க வேண்டாம், உறுதியாகக் கேளுங்கள் என்கிறது புகாரி தொகுத்த நபிமொழி. இறைவனை வற்புறுத்த யாராலும் முடியாது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படியிருக்க, அந்த நிபந்தனை பணிவுபோல் தோன்றினாலும், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற அலட்சியத்துக்கே இடம் தருகிறது.

இந்தத் தயக்கத்துக்கு மாற்று தமிழிலேயே உண்டு. 1838இல் மறைந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு, சித்தர் மொழியில் பரம்பொருளைக் காதலியாகவே அழைத்து உருகினார். சைவ அடியார் சுந்தரர் சிவனிடம் எடுத்துக்கொண்ட உரிமைக்குக் குறையாத உரிமை அது. ஞானியின் பித்து என்று ஏற்றுக்கொண்ட சமூகம், அதைத் தொழுகை வரிசைக்குள் விடவில்லை. அது நியாயமே, ஒருவரின் நெருக்கத்தை ஊரே இரவல் வாங்கினால் அதுவும் வெறும் வாய்ப்பாடாகிவிடும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல், வாடகை பாக்கி என்று வருகிறவருக்குத் தம் சொந்தத் தமிழ் வேண்டும். தொழுகைக்குள் பிறமொழியில் கேட்கலாமா என்பதில் சட்ட அறிஞர்கள் வேறுபடுகின்றனர். தொழுகைக்கு வெளியே அந்தச் சிக்கல் இல்லை. கூட்டு துஆ நீள நீள, சுருங்குவது அந்தத் தனி நேரம்தான்.