நீதிமொழிகளைச் சந்தையில் வைத்துப் படிப்பது எப்படி?

பைபிளில் காசு பணத்தைப் பற்றி ஆசைதீரப் படிக்க நீதிமொழிகளுக்குத்தான் போகவேண்டும். கடன், ஜாமீன், எடைக்கல், அறுவடை, பசி என்று நம் கடைத்தெருக் கவலைகள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. எங்கள் திருவண்ணாமலைக்கும் இந்த நூல் அந்நியமில்லை. இங்குள்ள டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த எத்தனையோ சைவ வீட்டுப் பிள்ளைகளின் காதிலும் இதன் வசனங்கள் விழுந்திருக்கும்.

முதல் ஒன்பது அதிகாரங்கள் தகப்பன் மகனுக்குச் சொல்லும் நீண்ட புத்திமதி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 10-ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். ஈரடி வசனங்கள் வரிசையாக வரும். குறள் படித்த நமக்குப் பழகிய நடைதான். ஆனால் வள்ளுவர் பொருள் செயல்வகையை 76-ஆம் அதிகாரத்திலும் நல்குரவை 105-ஆம் அதிகாரத்திலும் தொகுத்தே தந்துவிட்டார். இங்கே செல்வமும் வறுமையும் சிதறிக் கிடக்கின்றன. பென்சிலும் கையுமாக நாம்தான் சேர்க்கவேண்டும்.

சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நூலின் நேர்மை தெரியும். சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிற 6-ஆம் அதிகாரம், தூங்கிக் கிடந்தால் வறுமை வந்துவிடும் என்று எச்சரிக்கிறது. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்பது இதைத்தான். 13-ஆம் அதிகாரத்தின் 23-ஆம் வசனமோ, ஏழையின் வயல் நன்றாகவே விளைந்தும் நியாயம் இல்லாததால் பறிபோவதைச் சொல்கிறது. அதை விட்டுவிட்டு, உழைத்தும் கடனில் கிடக்கிற விவசாயிக்கு எறும்பைக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

20-ஆம் அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தை மல்லாட்டை (நிலக்கடலை) விற்கிற இடத்தில் நின்று படியுங்கள். வாங்க வந்தவர் குவியலின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுப்பார். காதோரம் குலுக்குவார். ஒன்றை நசுக்கி, பருப்பை விரலால் தேய்த்து, "ஈரமா இருக்குது, பொக்கு வேற" என்று முகம் சுளிப்பார். விலை படிந்து மூட்டை வண்டியேறியதும் அதே ஆள் செல்போனில், "நல்ல சரக்கு, சல்லிசா முடிச்சிட்டேன்" என்பார். வசனமும் இந்த இரண்டு பேச்சையும் காட்டிவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் நின்றுவிடுகிறது. விற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் என்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று நாம் யோசிக்க ஆரம்பிக்கும்போதுதான் வசனம் வேலை செய்கிறது.

கடனைப் பற்றிய இடங்களையும் இப்படி ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். அடுத்தவனுக்கு ஜாமீன் நின்றவனை 6-ஆம் அதிகாரம் தூங்கவே விடாது; வேடன் கையில் சிக்கிய மான்போலத் தப்பி ஓடச் சொல்லும். 22-ஆம் அதிகாரத்தில் கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை. கடனுக்கு இவ்வளவு பயப்படுகிற நூல், 19-ஆம் அதிகாரத்தில், ஏழைக்கு இரங்கிக் கொடுப்பதைக் கடவுளுக்கே கொடுத்த கடன் என்கிறது! பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதான வரிசையைக் கடக்கும்போது எனக்கு இந்த வசனம் ஞாபகம் வரும்.

கடைசியாக, 30-ஆம் அதிகாரம் 7 முதல் 9 வரை. நீதிமொழிகளில் உள்ள ஒரே ஜெபம் இது. யாகேயின் மகன் ஆகூர், வறுமையும் வேண்டாம் செல்வமும் வேண்டாம், அன்றன்றைக்கு வேண்டிய சாப்பாடு போதும் என்று கேட்கிறார். அவர் சொல்லும் காரணத்தை வாய்விட்டுப் படியுங்கள்: நிறைய இருந்தால் கடவுளையே யாரென்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன் என்று பயப்படுகிறார். ஊராரை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றியே பயப்படுகிறார்.