பதிவேட்டில் இடம்பெறாத தாய்மார்

நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொகுப்பது வரலாற்று ஆர்வலரிடையே ஒரு மோகமாகவே வளர்ந்திருக்கிறது. உதகையின் 200ஆம் ஆண்டையொட்டி 2022இல் அந்நகரை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனுக்குச் சிலை திறக்கப்பட்ட பின், கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா முதல் இங்கிலாந்திலுள்ள அவர் கல்லறை வரை தேடிச் சென்று கிளைப்படம் வரைவதே மலைவரலாற்றின் மையப்பணி போலப் பேசப்படுகிறது. இப்பணியின் குறையைச் சுட்டும்போதெல்லாம் அதன் ஆதரவாளர் தரும் மறுமொழி ஒன்றுதான்: ஆவணத்தில் உள்ளதை மட்டுமே வம்சாவளி சொல்லலாம், இல்லாததைப் புனையலாகாது. நேர்மையின் குரலாக ஒலிக்கும் இந்த வாதமே இத்துறையின் பெரும்பிழைக்கு இத்தனை காலமும் அரணாக நின்றிருக்கிறது.

இத்தொகுப்புகளால் விளைந்த நன்மை உண்மையானது. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்திராவிட்டால், இன்று தேய்ந்தும் உடைந்தும் போன கற்களில் பல பெயரற்றுப் போயிருக்கும். உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கமான சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டாவையும் மகளையும் நினைவில் நிறுத்தியதும், மலைவாசத்தலம் என்ற அழகிய பெயருக்குப் பின்னால் இருந்த இளவயது மரணங்களை எண்ணிக் காட்டியதும் இவர்களின் உழைப்பே.

ஆனால் இவ்வம்சாவளிகள் எதை மூலமாகக் கொள்கின்றன என்று பார்த்தால் சிக்கல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் குருமார் தம் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிந்து, அப்பதிவுகளின் படிகளை லண்டனுக்கு அனுப்பினர். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. குடும்பத்துக்குள் யார் உண்டு, யார் இல்லை என்பதைத் திருச்சபையின் கண்கொண்டு முடிவுசெய்த ஏடுகள் அவை. சடங்கின்றி ஆங்கிலேயருடன் வாழ்ந்த இந்தியப் பெண் திருமண ஏட்டில் இடம்பெறவே இல்லை. அவள் பெற்ற குழந்தை ஞானஸ்நான ஏட்டில் தந்தை பெயரோடு நிற்க, தாய்க்குரிய இடத்தில் ‘சுதேசிப் பெண்’ என்ற குறிப்பு மட்டும் இருக்கும், சில வேளை அதுவும் இராது. இந்த வழக்கத்தை விரிவாக ஆராய்ந்த துர்பா கோஷின் நூல் 2006இலேயே வெளிவந்துவிட்டது. வம்சாவளிக்காரர்களோ அப்படி ஒரு நூல் வந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை.

இந்த மறைப்பு குருமாரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. 1687இல் கம்பெனியின் இயக்குநர்கள், சென்னைப் படைவீரர் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க, பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரும்படி எழுதினர். 1791இலோ அதே கம்பெனி, இந்தியத் தாய்க்குப் பிறந்தவரைத் தன் உயர்பணிகளில் சேர்ப்பதில்லை என்று ஆணையிட்டது. தாயின் பெயர் மகனின் பிழைப்பைக் கெடுக்கும் என்றான பின் அதை மறைப்பது குடும்பங்களுக்கு இலாபமாயிற்று. அன்று பிழைப்புக்காக மறைத்ததை இன்று ஆவண நேர்மையின் பெயரால் மறைப்பவர், அக்குடும்பங்களின் வேலையைக் கூலியின்றித் தொடர்கிறார் என்றே சொல்லவேண்டும்.

ஆவணம் இல்லை என்பதும் உண்மையன்று. தேடாதவர் சொல்வது அது. ‘வீட்டுப் பொறுப்பாளர்’ என்ற பெயரில் பெண்களுக்குச் சிறு தொகை விட்டுச்சென்ற உயில்களும், ஆதரவற்றோர் இல்லங்களின் வரலாறும் இருக்கவே இருக்கின்றன. உதகைக்கு அருகே லவ்டேலில் உள்ள பள்ளி, லக்னோவில் இறந்த ஹென்றி லாரன்ஸின் நினைவாக, ஆங்கிலேயப் படைவீரரின் பிள்ளைகளுக்கென 1858இல் லாரன்ஸ் அசைலமாகத் தொடங்கியது. 1871இல் அதனோடு இணைந்த சென்னை ஆண்பிள்ளைகள் அசைலத்தில்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அங்கே பயின்ற சிறுவருள் பெரும்பாலோர் படைவீரருக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்தவர்கள். பெல்லின் கல்விமுறையை உலகம் அறியும். சிறுவர்களின் தந்தையரைப் படைப்பிரிவுப் பட்டியல்களில் தேடிப் பிடிக்கலாம். தாய்மாரைத் தேடுவதற்கு மட்டும் யாருக்கும் பொழுதில்லை.

தேடியவர்களுக்குக் கிடைத்ததுண்டு. சூரத்தில் தியோடர் ஃபோர்ப்ஸின் வீட்டுப் பொறுப்பாளராக இருந்த எலிசா கெவார்க்கை அவர் வழிவந்தோர் ஆர்மீனியர் என்றே வழங்கிவந்தனர். தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணுவைச் சோதித்தவர்கள் 2013இல் அது தெற்காசிய மூலத்தது என அறிவித்தனர். இளவரசர் வில்லியமின் தாய்வழி மூதாட்டி அவர் என்பதால் இது செய்தியானது. தொடக்ககால அமெரிக்கக் குடியேறிகளின் குடும்ப நூல்களும் தாயை மறைக்கும் இதே பாதையில் நடந்தவையே. தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் இருந்த உறவை அவர் வம்சத்தார் நெடுங்காலம் மறுத்தனர். 1998இல் மரபணுச் சோதனை ஹெமிங்ஸ் வழியினர் பக்கம் சாய்ந்த பின்னும், ஜெஃபர்சன் வழியினரின் மான்டிசெல்லோ சங்கம் 2002இல் அவர்களைச் சேர்க்க மறுத்து வாக்களித்தது. ஆவணம் கிடைத்தால் எழுதுவோம் என்ற வாக்குறுதியின் மதிப்பு இவ்வளவுதான்.

சல்லிவன் குடும்பத்தில் இத்தகைய மறைந்த தாய் இருந்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். அங்குள்ள வெற்றிடம் வேறு. நீலகிரிப் பழங்குடியினரான தோடரிடம் வாங்கிய நிலத்தில் எழுந்த ஸ்டோன் ஹவுஸ் என்னும் அவர் வீடு, பணியாளர் இல்லாமல் ஒரு நாள்கூட நடந்திருக்க முடியாது. வீட்டில் உறங்கி எழுந்த எல்லோரையும் விட்டுவிட்டு உடைமையாளரை மட்டும் வரையும் கிளைப்படத்தைக் குடும்ப வரலாறு என்பது பெருந்தன்மையான பெயர்சூட்டல்.

உறவை ஆராயும் முறைக்கு இம்மலையே ஒரு பாடநூல் என்பதையும் இவர்கள் கருதவில்லை. 1901-02இல் தோடரிடையே தங்கிய மானிடவியலாளர் ரிவர்ஸ், குடிவழிகளைக் கேட்டுப் பதிந்து அதன்வழி ஒரு சமூகத்தை அறியும் முறையை இங்கே விரிவாகக் கையாண்டு, 1906இல் நூலாக்கினார். தோடப் பெண் கருவுற்ற ஏழாம் மாதத்தில் வில்லம்பு கொடுக்கும் ஆடவனே சடங்குப்படி தந்தையாவான். வேறொருவன் வில் கொடுக்கும் வரை, அவன் இறந்த பின் பிறக்கும் குழந்தைக்கும் அவனே தந்தை. ஞானஸ்நான ஏட்டில் எழுதப்படும் தந்தைமையும் இதே போலச் சடங்கு தந்ததே. தோடர் அதை மறைத்ததில்லை, வம்சாவளிக்காரரோ அதையே இரத்தமென்று அச்சிடுகிறார். இறந்த முன்னோரின் பெயரைச் சொல்வது தோடரிடையே விலக்கு என்பதால் ரிவர்ஸுக்கும் பல பெயர்கள் நேரடியாகக் கிடைக்கவில்லை. அதற்காக அவர் கட்டங்களை வெறுமையாக விட்டு ஆவணம் இல்லை என்று எழுதிவிடவில்லை. பெயரைச் சொல்லத் தடையில்லாத வேறு குடும்பத்தாரிடம் போய்க் கேட்டார்.