வெயிலுக்கு ஏற்ற வாசம்

கத்திரி வெயிலில், அடர்ந்த சென்ட் பூசிய ஒருவர் பக்கத்தில் நின்றபடி சேலம் டவுன் பஸ்ஸில் போனவர்களுக்கு வாசனையும் ஒரு சுமைதான் என்று தெரியும். சூடு ஏற ஏற வாசனைப் பொருள் வேகமாக ஆவியாகும். குளிர்நாட்டில் மேனியோடு ஒட்டிக் கிடக்கும் கஸ்தூரியும் அகிலும் வெனிலாவும் 40 டிகிரியில் ஒரே மூச்சாகக் கிளம்பி, வியர்வையோடு கலந்து தலைவலியில் கொண்டுபோய் விடும். வெப்ப நாட்டுப் பகலுக்குப் பொருந்துவது லேசான பூவாசம்தான். அதைப் பாட்டிலில் அடைத்து விற்கும் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் அதற்கு வழி கண்டிருந்தார்கள். சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வழி, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் வேறு வழி.

செவ்வாய்ப்பேட்டைக்கென்று ஒரு வாடை உண்டு. மண்டித் தெருக்களில் வற்றல் மிளகாயும் புளியும் வெல்லமும் மணக்கும். கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் வெள்ளி உருக்கும் காந்தலும் அமில நெடியும் மூக்கில் ஏறும். இவ்வளவுக்கும் நடுவே மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வந்தால் மூச்சு வேறு மாதிரி ஆகிவிடும். அவர்கள் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீரில் ஊறிய வாழைநார், இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அடுத்த நாலு மொட்டு. பேரம் பேசிக்கொண்டே, சில்லறை எண்ணிக்கொண்டே விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். முடிச்சு இறுகினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ உதிரும். பிறகு முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து ஒரு முழம். "கையைக் கொஞ்சம் நல்லா நீட்டி அளங்க அக்கா" என்ற குரலும், "சரி, இந்தா" என்று கிள்ளிக் கூடப் போடும் ஒரு துண்டும் இந்த வியாபாரத்தோடு பிறந்தவை.

குண்டுமல்லி, சன்னமல்லி, ஜாதிமல்லி, காக்கட்டான், சம்பங்கி, மரிக்கொழுந்து என்று சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வெயில் ஏறும் முன் மொட்டைப் பறித்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் இந்த வாசத்தின் சூட்சுமம் இருக்கிறது. குண்டுமல்லி அந்தி சாய்ந்த பிறகு விரிகிற பூ. காலையில் கூந்தலில் ஏறுவது மூடிய மொட்டு, அதில் வாசம் மிகக் குறைவு. நண்பகல் தாண்டி, தலைச்சூட்டிலும் வெயில் சூட்டிலும் ஒவ்வொன்றாக நெகிழும்போது வாசமும் சிறிது சிறிதாகக் கசியும். மல்லிகையின் கனத்த, கிறங்க வைக்கும் மணம் இரவுக்கு உரியது. வேலைக்குப் போகிற பெண் பகலெல்லாம் சுமப்பது அதன் முன்னோட்டத்தை மட்டுமே. சென்ட் பூசிய கணத்தில் உச்சத்தில் இருந்து அப்புறம் இறங்குகிறது, மல்லிகை மொட்டு அதற்கு நேர் எதிராக ஏறிக்கொண்டே போகிறது. வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வாசனைத் திரவியத்தை எந்த ஆய்வுக்கூடமும் செய்ததாக நான் நினைக்கவில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. மார்கழி, தைப் பனியில் மொட்டுப் பிடிக்காமல் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறுகிற அதே பூ, சித்திரை வெயிலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. எப்போது அதிகம் தேவையோ அப்போதே மலிவாகக் கிடைக்கிறது.

இலங்கைத் தமிழர்களிடமும் மல்லிகை உண்டு. கோயிலுக்குப் போகும்போது, கல்யாண வீட்டில், சாமத்திய வீட்டில் (பூப்புச் சடங்கில்) பெண்கள் தலை நிறையப் பூ வைக்கிறார்கள். ஆனால் சேலத்தில் காய்கறியோடு சேர்த்து அன்றாடம் வாங்கும் பொருளாகப் பூ இருப்பதைப்போல் யாழ்ப்பாணத்தில் இல்லை. அங்கே பூ முதலில் வீட்டு வளவுக்குச் சொந்தம். காலையில் குளித்துவிட்டு, வேலியோரத்துச் செவ்வரத்தையும் (செம்பருத்தி) நந்தியாவட்டையும் மல்லிகையும் ஆய்ந்து சாமித் தட்டில் வைப்பது பல வீடுகளில் நாளின் முதல் வேலை. உடம்புக்கு வேண்டிய குளிர்ச்சியைச் சந்தனம் பார்த்துக்கொள்கிறது. அங்குள்ள நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில் மேலாடையின்றி வேட்டியோடு வரும் ஆண்களின் நெற்றியிலும் மார்பிலும் குழைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருப்பதைப் பார்க்கலாம். சேலத்தில் பூவாசம் பெரும்பாலும் பெண்களின் உடைமை ஆகிவிட்டது. நல்லூரில் ஆண்களும் கூச்சமில்லாமல் மணக்கிறார்கள். அதை நான் மனதார விரும்புகிறேன்.

பகல்நேரப் பூச்சு என்று இலங்கை முழுக்கப் பொதுவாக இருப்பது கொலோன். குளித்த குழந்தையைச் சேலத்துப் பாட்டி சாம்பிராணிப் புகையில் காட்டிப் பவுடர் போடுவார். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அம்மாவின் உள்ளங்கையில் நாலு சொட்டு பேபி கொலோன் விழும். பெரியவர்களும் அதையே கைக்குட்டையில் தெளித்துக்கொண்டு வெளியே கிளம்புவதுண்டு. 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா குடும்பம் தொடங்கிய வாசனைத் தண்ணீரின் வம்சம் அது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் எண்ணெய் சிறிதளவு, மிச்சமெல்லாம் சாராயமும் தண்ணீரும். தோலில் பட்டதும் ஆவியாகிச் சில்லென்று குளிர வைக்கும், அரைமணி, ஒருமணி நேரத்தில் போய்விடும். மொட்டு மெல்ல அவிழ்ந்து வெயிலைச் சமாளிக்கிறது, கொலோன் சட்டென்று பறந்து சமாளிக்கிறது. ஈரக்காற்று விடாமல் வீசும் தீவில் அப்படிப் பறந்துவிடுவதே நல்லது.

இலங்கையின் தேயிலை மலைகளான மலையகத்தின் கதை தனி. கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. போனவர்கள் மாரியம்மனையும் கையோடு கொண்டுபோனார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் எழுந்தது, ஆனால் நுவரெலியாக் குளிரில் குண்டுமல்லிக்கு வாழ்வில்லை. லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் பூத்த ரோஜாவும் டேலியாவும் அம்மனுக்குப் போயின. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்கள் வந்து சேர்ந்தது பாட்டன்மார் விட்டுப்போன வெயிலுக்கும் மல்லிகைக்கும்தான்.

சிங்கள பௌத்தர்களிடம் போனால் வழக்கம் தலைகீழாகிறது. மாதந்தோறும் பௌர்ணமி அங்கே போயா விடுமுறை. அன்று எட்டுச் சீலம் (எட்டு ஒழுக்க விதிகள்) எடுப்பவர்கள் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போவார்கள். மாலை, நறுமணம், பூச்சு ஆகியவற்றை விலக்குவதும் அந்தச் சீலங்களுக்குள் அடக்கம். மணம் இல்லாத உடம்போடு, தட்டு நிறைய மணக்கும் பூக்களைச் சுமந்து போகிறார்கள். காம்பு நீக்கிய மல்லிகை, இதழ் மடித்த தாமரை, நீலோற்பலம். எல்லாம் புத்தருக்கு முன் பரப்பி வைக்கப்பட்டு அங்கேயே வாடும், பிரசாதமாகத் தலைக்குத் திரும்பி வராது. செவ்வாய்ப்பேட்டையில் பௌர்ணமி என்றால் கூந்தலில் ஒரு முழம் கூடும், சீலம் எடுத்த வீட்டில் சென்ட் பாட்டில் மூடியே திறக்காது. படைக்கும் பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. சிவன் கோயில்களில் நாம் நாகலிங்க மரம் என்று வளர்ப்பதை விகாரைகளில் அவர்கள் சால மரம் என்று வளர்க்கிறார்கள். பூவின் நடுவே நமக்குத் தெரிவது படம் விரித்த பாம்பின் கீழ் லிங்கம், அவர்களுக்குத் தெரிவது தூபி. மரமோ இரு மதங்களும் அறியாத தென்னமெரிக்காவிலிருந்து வந்தது.

பூ யாருக்கு மறுக்கப்படுகிறது என்று கேட்கும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கணவன் இறந்ததோடு பூவும் பொட்டும் பறிக்கப்படுவது சேலத்திலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. 2009இல் முடிந்த உள்நாட்டுப் போர் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பெண்களை விதவைகளாக்கியது. அவர்களில் எத்தனையோ பேர் இருபதுகளில் இருந்தவர்கள். வெயில் எல்லோரையும்தான் வாட்டுகிறது, மல்லிகையின் குளிர்ச்சி மட்டும் சுமங்கலிக்கு என்பது கொடுமை. போயா நாளில் விகாரைக்குப் பூத்தட்டு ஏந்தி வரும் பெண்ணிடம் புருஷன் இருக்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த ஒன்றை இரு கரைத் தமிழர்களும் சிங்கள பௌத்தர்களிடம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

இனியாவது கற்கத் தொடங்க ஓர் இடம் கையருகிலேயே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கடைகளில் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் வரிசையில் கழுத்து நீண்ட பன்னீர்ச் செம்பு நிற்கும். யாழ்ப்பாணத்துக் கல்யாண மண்டப வாசலிலும் கற்கண்டு, சந்தனம், குங்குமத்தோடு அதே செம்புதான். ரோஜாவைக் காய்ச்சி வடித்த அந்தத் தண்ணீர் உள்ளே வருகிற ஆண், பெண், குழந்தை, கைம்பெண் எல்லார் மேலும் விழுகிறது. செம்பைப் பிடிப்பவர்கள் மட்டும் சிறுமிகளும் சுமங்கலிகளும். மணப்பெண்ணின் அம்மா கணவனை இழந்தவர் என்றால் மூலையில் உட்கார வைக்காமல், தன் மகளின் கல்யாணத்துக்கு வருகிறவர்களை அவரே பன்னீர் தெளித்து வரவேற்கட்டும். தெளித்துவிட்டுத் தலையில் ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொள்ளட்டும்.